கமராவின் கண்ணில் விழுந்த தூசி

சென்ற மாதம் என் தமக்கையின் மகன் வாடிய முகத்துடன் வந்து நின்றான். இரண்டாண்டுகளாகச் சேமித்த பணத்தில் அவன் வாங்கிய டிஜிற்றல் கமரா கையில் இருந்தது. கடற்கரையில் எடுத்த படங்கள் யாவற்றிலும், வானத்தின் அதே இடங்களில் மூன்று சாம்பல்நிறப் பொட்டுகள்! "மாமா, வில்லையை எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. உள்ளே தெரியும் கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். துடைப்பதற்கு முன்னர் கேட்டானே, அதுவே பெரும் புண்ணியம்.

படச்சுருள் வழங்கிய நாளில் இத்தொல்லை பெரிதாக இருந்ததில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய சுருட்பகுதி வந்து நிற்கும். அதில் விழுந்த தூசி அதனுடனேயே நகர்ந்துவிடும். இன்றைய கமராவிலோ சென்சர் எனப்படும் ஒளியுணரி ஒன்றே எல்லாப் படங்களுக்கும் ஒளியை ஏற்கிறது. வில்லையை மாற்றும்போது புகுந்த ஒரு துகள், அகற்றப்படும் வரை படந்தோறும் தன் நிழலைப் பதித்துக்கொண்டே இருக்கும். மருமகனின் கமராவில் உணரியின் அளவு ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீற்றர்தான். அதனுள் 2 கோடியே 40 இலட்சம் ஒளிப்புள்ளிகள் அடங்கியுள்ளன.

தூசி உண்மையில் உணரியின்மீது அமர்வதில்லை. அதற்கு முன்னே பொருத்தப்பட்ட மெல்லிய வடிகண்ணாடியிலேயே அமர்கிறது. நாம் துடைப்பதும் அக்கண்ணாடியைத்தான். ஆயினும் அதில் கீறல் விழுந்தால் வீட்டில் திருத்த முடியாது.

"கலியாண வீட்டுப் படங்களில் பொட்டு இல்லையே?" என்று அவன் வினவியது நல்ல கேள்வி. ஒளித்துளை அகலத் திறந்திருக்கும்போது ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து துகளின் நிழலைக் கலைத்துவிடுகிறது. எஃப் 16, எஃப் 22 எனத் துளையைச் சுருக்கினால் நிழல் கூர்மையாக விழும். ஆகவே சோதனைக்கு வெள்ளைச் சுவரை எஃப் 22இல், குவியம் தவறவிட்டுப் படமெடுத்தோம். படத்தின் மேல் இடப்பக்கத்தில் தெரியும் பொட்டுக்குரிய துகள், கமராவை எதிரே வைத்துப் பார்க்கையில் உணரியின் கீழ் இடப்பக்கத்தில் இருக்கும். வில்லை பிம்பத்தைத் தலைகீழாக்குவதே காரணம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, முழுதும் மின்னேற்றிய பற்றறியைப் பொருத்தினோம். பட்டியலில் 'துப்புரவு' என்னும் பகுதியைத் தெரிந்தால் உள்ளாடி மேலெழுந்து மூடி திறக்கும். இடையில் மின்வலு தீர்ந்தால் அவை துடைக்கும் கோலின்மீதே விழுந்துவிடும். கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, றப்பர் ஊதுகுமிழினால் ஐந்தாறு முறை காற்றடித்தோம். வாயால் ஊதுவது கூடவே கூடாது; எச்சில் துளி தூசியினும் பொல்லாதது. தகரத்தில் அடைத்த அழுத்தக் காற்றும் திரவத்தைச் சிதறிக் கறையாக்கிவிடும். குமிழ்க் காற்றுக்கே இரண்டு பொட்டுகள் மறைந்தன. பெரும்பாலோர் இந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

மூன்றாவது பொட்டு அசையவில்லை. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஒலிம்பஸ் ஈ-1 முதலாகப் பல கமராக்கள் மீயொலி அதிர்வினால் தூசியை உதறும் ஏற்பாட்டுடன் வருகின்றன. ஒட்டிப்போன துகளிடம் அதுவும் பலிப்பதில்லை. ஆகவே உணரியின் அகலத்துக்கே செய்யப்பட்ட துடைப்புக் கோலில் அதற்குரிய திரவத்தை இரண்டு துளி மட்டும் விட்டோம். இத்திரவங்களிற் சில மெதனோல் கலந்தவை. நஞ்சும் எளிதில் தீப்பற்றுவதுமானவை. சாளரத்தைத் திறந்து வைத்து, சிறுவர்களை விலக்கிவிட வேண்டும்.

என் கை நடுங்குமாதலால் அவனையே துடைக்கச் சொன்னேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. பின் கோலைத் திருப்பி, துப்புரவான பக்கத்தால் எதிர்த்திசையில் மற்றோர் இழுப்பு. பயன்படுத்திய கோலை மீண்டும் தொடலாகாது. அதில் ஒட்டிய மணற்றுகளே கீறிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு அவன் செய்தான். நானும் அவ்வாறே மூச்சடக்கி நின்றேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

சுவரை மீண்டும் படமெடுத்தோம். பொட்டு இல்லை, ஓரத்தில் திரவம் உலர்ந்த கோடொன்று மட்டும் தெரிந்தது. புதிய கோலால் மற்றுமொரு முறை துடைக்க அதுவும் நீங்கிற்று. கடற்கரைப் படங்களின் பழைய பொட்டுகளை இப்போது கணினியில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் இரண்டு இரவுகள் பிடிக்குமாம்.