பெயரைச் சொல்லுங்கள்!

மகளின் பிரசவத்திற்காக இங்கிலாந்தில் உள்ள ஷெஃபீல்டு நகருக்குப் போயிருந்தேன். ஒருநாள் மாப்பிள்ளை என்னை 'ஈம்' என்ற பக்கத்துக் கிராமத்துக்குக் காரில் அழைத்துப் போனார். சில வீட்டு வாசல்களில் பெயர்ப் பலகை. குடியிருப்பவர்கள் பெயராக்கும் என்று நினைத்தேன். பார்த்தால், அந்த வீட்டில் பிளேக் நோயில் இறந்தவர்களின் பெயர்களாம்!

1665-ல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு நோயும் வந்ததாகச் சொல்கிறார்கள். மறுவருடம் பாதிரியார் மாம்பெசன் பேச்சைக் கேட்டு, மற்ற ஊர்களுக்குப் பரவக் கூடாதென்று ஜனங்கள் ஊரை விட்டு வெளியேறாமல் இருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே சாமான்களை வைத்துவிட்டுப் போவார்களாம். அந்தக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டு வைப்பார்களாம்.

எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்திருக்கிறாள். அந்தக் கல்லறைகளைப் பார்த்து அழுதுவிட்டேன்.

2021-ல் எங்கள் எதிர்வீட்டு அக்கா கொரோனாவில் போனார். மொட்டை மாடியிலிருந்து கும்பிட்டதோடு சரி. பிள்ளைகள் மனசு கஷ்டப்படுமே என்று பிறகு அவர் பேச்சையே எடுத்ததில்லை.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய், அவர் வைக்கும் வத்தக்குழம்பைப் பற்றிப் பேசினேன். மூத்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க, அத்தை!" என்று அழுதாள்.

சகோதரிகளே, பலகை வேண்டாம். போனவர்களைப் பற்றி வாய்விட்டுப் பேசினாலே போதும்!

- ஒரு வாசகி, சென்னை