பழைய ஏடுகளில் ஒரு சொல்லைத் தேடுமிடத்து

அறிவியற் சஞ்சிகையொன்றின் பழைய இதழைக் காண விரும்பியவர், முன்னாளில் அதைச் சேர்த்து வைத்திருக்கும் அன்பர் ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஆய்வேடுகளைப் பேணிய நூலகங்கள் பல, பொழுதுபோக்குச் சஞ்சிகைகளைப் பேண நினைக்கவில்லை. எஞ்சியவற்றையும் கறையானும் ஈரமும் பங்கிட்டுக் கொண்டன. இன்று நிலைமை வேறு. அமெரிக்காவிலிருந்து நடத்தப்பெறும் 'வேர்ல்ட் றேடியோ ஹிஸ்டரி' என்னும் இணையச் சுவடிக்கூடத்தில், 1954ஆம் ஆண்டு ஒக்டோபரில் தோன்றிய 'பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்', அதனினும் மூத்த பிரித்தானிய ஏடாகிய 'வயர்லெஸ் வேர்ல்ட்' முதலிய வானொலி, இலத்திரனியல் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கட்டணம் எதுவுமின்றி வீட்டிலிருந்தே அவற்றைப் படிக்கலாம். வேண்டிய சொல்லைக் கொடுத்துத் தேடவும் செய்யலாம்.

இத்தேடல் நடைபெறும் முறையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. கணினி பக்கத்தின் படத்தை நோக்கி, எழுத்துக்களை ஊகித்து, படத்தின் பின்னே மறைவாக ஒரு பிரதியை எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் தேடுவது அப்பிரதியிலேயேயாம். தாள் மஞ்சளித்திருந்தாலும் அச்சு மங்கியிருந்தாலும் அது தடுமாறும். ஆங்கிலத்தில் ஆர், என் ஆகிய இரண்டெழுத்துக்கள் நெருங்கி நின்றால் அவற்றை எம் என்று படித்துவிடும். சுற்றுப் படங்களின் உள்ளே பொறித்த சிற்றெண்கள் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே, தேடிய சொல் அகப்படவில்லை என்பதால் அவ்விடயம் அச்சேறவே இல்லை என முடிவுகட்டுதல் கூடாது. பல சஞ்சிகைகள் ஆண்டுதோறும் விடய அட்டவணை வெளியிட்டன; அதனைப் புரட்டிப் பார்ப்பது இன்றும் வீண்வேலையன்று.

இயந்திரத்தின் குறையிலும் பெரிய தடை ஒன்றுண்டு. அது நமது சொல்லேயாகும். இன்று பாடநூலிற் 'கொள்ளளவி' எனப் பயிலும் மாணவன், அதற்குரிய ஆங்கிலச் சொல்லாகிய 'கப்பாசிற்றர்' என்பதைக் கொடுத்து 1930ஆம் ஆண்டின் இதழ்களைத் தேடினால் அதிகம் பெறமாட்டான். அக்காலத்தவர் அதனைக் 'கண்டென்சர்' என்றே வழங்கினர். நம்மவரும் முன்னர் 'ஒடுக்கி' என்று எழுதியதை முதியோர் நினைவுகூர்வர். மீடிறனைக் குறிக்கும் 'ஹேர்ட்ஸ்' என்னும் அலகு, நிறைகள் அளவைகள் பற்றிய சர்வதேசப் பொது மாநாட்டால் 1960ஆம் ஆண்டிலேயே ஏற்கப்பட்டது. அதற்கு முந்திய ஏடுகளில் 'சைக்கிள்' என்று தேடுதல் வேண்டும். அமெரிக்கர் 'ரியூப்' என்றதை ஆங்கிலேயர் 'வால்வு' என்றனர். ஒரு காலத்தின் பேச்சை அறியாதவனுக்கு அக்காலத்தின் ஏடும் வாய் திறப்பதில்லை.

இதற்கு நமது நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்றைக் காட்டலாம். 1956ஆம் ஆண்டில் இலங்கையிற் குடியேறி, 2008ஆம் ஆண்டிற் கொழும்பிலே காலமான ஆதர் சி. கிளார்க், 1945 ஒக்டோபர் மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் நான்கு பக்கக் கட்டுரையொன்று எழுதினார். பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 42,000 கிலோமீற்றர் தொலைவில் மூன்று நிலையங்களைச் சுழலவிட்டால், அவை பூமியோடு ஒத்துச் சுழன்று உலகெங்கும் ஒலிபரப்பை எட்டச் செய்யும் என்பது அதன் சாரம். முதலாவது செயற்கைக் கோளே 1957ஆம் ஆண்டில்தான் விண்ணேறியது என்பதை எண்ணுக! இத்தகைய கோள்களை இன்று குறிக்கும் 'ஜியோஸ்ரேஷனரி' என்னும் சொல் பிற்காலத்தது. அச்சொல்லைக் கொடுத்துத் தேடுபவன் இக்கட்டுரையை அடையமாட்டான். 'எக்ஸ்ட்ரா டெரஸ்ட்ரியல் றிலேஸ்' என்னும் அதன் தலைப்பைக் கொடுத்தால் உடனே அடைவான்.

அச்சில் உள்ளதெல்லாம் உள்ளபடியே நிகழ்ந்தது என்றும் கொள்வதற்கில்லை. 1975 ஜனவரி மாதப் 'பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்' அட்டையில் 'ஆல்டயர் 8800' என்னும் கணினியின் படம் வந்தது. பில் கேற்ஸ், போல் அலன் ஆகியோரை அவ்வாண்டிலேயே 'மைக்ரோசொப்ற்' நிறுவனத்தைத் தொடங்கத் தூண்டிய படம் அது. ஆனால், அப்படத்திலிருந்த பெட்டி வெறுங்கூடு. செய்து அனுப்பிய மாதிரி வழியிற் காணாமற் போனமையால், உள்ளே ஒன்றுமில்லாத பெட்டியைப் படமெடுத்தனர். இதனை அவ்விதழில் எத்துணை தேடினும் காணல் அரிது.

எமக்குக் கட்டுரைகளைக் காட்டிலும் விளம்பரங்களே சுவை மிக்கவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படைகளுக்கு வேண்டாத உபகரணங்கள் பிரித்தானியக் கடைகளில் மலிவாகக் குவிந்தன. றேடார் கருவிகளுக்கென ஆக்கிய 'வி. சி. ஆர். 97' என்னும் ஆறங்குலக் கதோட்டுக் கதிர்க் குழாயை வாங்கி, வானொலி ஆர்வலர் பலர் வீட்டிலேயே தொலைக்காட்சிப் பெட்டி சமைத்தனர். படம் பச்சை நிறமாகத் தெரியும். குடும்பம் முழுவதும் அதன் முன் நெருங்கியமர்ந்து கண்டு களித்தது. அன்று ஒரு சாதாரணன் எதனை வாங்கக் கூடியவனாயிருந்தான், எதற்கு ஏங்கினான் என்பதை விளம்பரப் பக்கமே சொல்லும். தேடிய சொல் கிடைத்தவுடன் ஏட்டை மூடிவிடாது முன்னும் பின்னும் நாலு பக்கம் புரட்டுமாறு மாணவர்களுக்கு நாம் கூறுவது இதனாலேயே.

பெற்றோர் கவனத்துக்கும் ஒரு வார்த்தை. அப்பச்சைத் திரைக்கு இரண்டாயிரம் வோல்ற்றளவிலான மின் வேண்டியிருந்தது. தீண்டினால் உயிர் போகும். பழைய வானொலிப் பெட்டிகள் சிலவற்றில் உலோகச் சட்டமே வீட்டு மின்னோடு நேரே இணைந்திருந்தது. தொடுகைகளைத் துடைக்கக் காபன் நாற்குளோரைட்டைப் பயன்படுத்துமாறு அக்கால ஏடுகள் தயங்காது எழுதின. அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும் என்பதை இன்று அறிவோம். வெப்பத்தைத் தடுக்க அஸ்பெஸ்ரஸ் தாளை வெட்டி ஒட்டச் சொன்னதும் உண்டு. இவ்வேடுகளைப் பார்த்து ஏதேனும் செய்ய விரும்பும் பிள்ளை, உலர் மின்கலத்தில் இயங்கும் திரான்சிற்றர்ச் சுற்றுக்களோடு தொடங்கட்டும். வால்வுப் பெட்டிகளின் படங்களைப் படித்தறியலாம். அவற்றைக் கட்டி மின்னேற்றும் வேலையை, அருகில் நின்று வழிகாட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் வாய்க்கும்வரை ஒத்திவைக்க வேண்டும்.