கல்லீரல் கொடுக்க மச்சான் ரெடி... ஆனாலும் கமிட்டி அனுமதி வேண்டும்! சட்டம் சொல்வது என்ன?

தாம்பரம்,

வயிறு வீங்கி நீர் கோர்க்கிறது. கண் மஞ்சளாகவே இருக்கிறது. திடீரென்று ரத்த வாந்தி. ‘இனி மருந்து மாத்திரை போதாது, கல்லீரல் மாற்று ஆபரேஷன்தான் வழி’ என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே ஆடிப்போய் விடுகிறது.

அடுத்த நிமிஷம் எழும் கேள்வி, ‘கல்லீரலுக்கு எங்கே போறது?’ என்பதுதான்.

ஒரு காலத்தில் இதற்காக டெல்லி வரை ஓட வேண்டி இருந்தது. காஞ்சீபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி என்ற குழந்தைக்குப் பிறவியிலேயே பித்தநாளக் கோளாறு. 1998-ம் ஆண்டு டெல்லி அப்பல்லோ ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று ஆபரேஷன் அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகி விட்டார்.

இன்று அந்த ஆபரேஷன் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே குரோம்பேட்டையிலும், பெரும்பாக்கத்திலும் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. கொடுப்பவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

பணம் தருகிறேன் என்றால் ஜெயில்

‘டோனர் தேவை, தக்க சன்மானம் தரப்படும்’ என்று வாட்ஸ்-அப்பில் தகவல் அனுப்புவது சிலருக்குச் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் பணத்துக்கு உறுப்பு கேட்டு விளம்பரம் செய்வதே குற்றம். உறுப்பு மாற்று சட்டம் 1994-ல் வந்தது. 2011-ல் செய்த திருத்தத்தின்படி உறுப்பை விலை பேசினால் 5 முதல் 10 ஆண்டு வரை ஜெயில், ரூ.20 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம். வாங்குபவர், விற்பவர், புரோக்கர் மூவருமே மாட்டுவார்கள்.

யார் கொடுக்கலாம்?

18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், உடன் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரை மட்டுமே சட்டம் ‘நெருங்கிய உறவினர்’ என்கிறது. இவர்கள் உறவை நிரூபிக்கும் ஆவணங்களைக் காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் மரபணு சோதனையும் உண்டு.

நம் ஊர் வழக்கத்தில் தாய்மாமனும், மச்சானும், மருமகனும் வீட்டு ஆட்கள்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்கள் நெருங்கிய உறவினர் கிடையாது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை மகன், நண்பர் யாராக இருந்தாலும் அங்கீகாரக் கமிட்டியின் அனுமதி வேண்டும்.

இரு தரப்பையும் கமிட்டி நேரில் விசாரிக்கும். அது வீடியோவில் பதிவாகும். ‘ஏன் கொடுக்கிறீர்கள், எத்தனை வருஷப் பழக்கம், வருமானம் என்ன?’ என்று கேள்விகள் வரும். பணம் கைமாறி இருக்கும் என்று தோன்றினால் அனுமதி கிடைக்காது.

ரத்த வகை சேரவில்லையா?

கொடுப்பவரின் ரத்த வகை நோயாளிக்கு ஒத்துப்போக வேண்டும். ‘ஓ’ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் கல்லீரலுக்கு முக்கியம் இல்லை.

மனைவிக்கு மனம் இருக்கிறது, ரத்த வகைதான் சேரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பத்துடன் மாற்றிக் கொள்ளலாம். இவர் மனைவி அவருக்கும், அவர் மனைவி இவருக்கும் கொடுப்பார்கள். இதற்கும் கமிட்டி அனுமதி தேவை.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்?

பெரியவர்களுக்கு என்றால் கல்லீரலில் சுமார் 60 சதவீதம் வரை எடுக்க வேண்டி வரும். குழந்தைக்குச் சிறு பகுதி போதும். மிச்சம் இருக்கும் கல்லீரல் இரண்டு, மூன்று மாதத்தில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வளர்ந்து விடும். அதுவரை பாரம் தூக்கும் வேலை கூடாது.

ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. பித்தக் கசிவு, தொற்று வரலாம். அபூர்வமாக உயிருக்கே ஆபத்து நேரும். அதனால்தான் பல நாள் பரிசோதனை செய்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பு இருப்பதால் பலர் ஒதுக்கப்படுகிறார்கள். உணவைக் குறைத்து, தினமும் நடந்து, கொழுப்பு கரைந்தபின் தேறியவர்களும் உண்டு.

நம் நாட்டில் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ‘நீதானே கொடுக்கணும்’ என்று மனைவியையோ, தாயையோ சுற்றி நின்று நெருக்கும் வீடுகள் உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் வரை மனம் மாறலாம். அவருக்கு விருப்பம் இல்லை என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். ‘இவர் பொருந்தவில்லை’ என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிட்டு டாக்டர்கள் காரணத்தைக் காப்பாற்றுவார்கள்.

வீட்டில் ஆளே இல்லை என்றால்...

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குப் பதிவு செய்யலாம். ஆஸ்பத்திரி மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். 2008-ல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான அவரது பெற்றோர் தானம் செய்தபோதுதான் இந்த விஷயம் தமிழக மக்களுக்குப் பரவலாகத் தெரிந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

வீட்டில் ஆளைத் தேடிக்கொண்டு இருக்கும்போதே இந்தப் பட்டியலிலும் பெயர் கொடுத்து விடுவது நல்லது. ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் நோயாளி ஆபரேஷனைத் தாங்காத நிலைக்குப் போய்விடலாம். குடியால் கல்லீரல் கெட்டவர்கள் அன்றே குடியை நிறுத்த வேண்டும். குறைந்தது 6 மாதம் குடிக்காமல் இருந்தால்தான் பல ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன் பற்றிப் பேசுகின்றன.

பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பழைய பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.