மிதி... பிடி... விடு!

'மிதி' என்றால் மிதித்து, 'பிடி' என்றால் பிடித்து, 'விடு' என்றால் விட்டு, கணவன் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் மனைவி மறுபேச்சில்லாமல் கட்டுப்படுகிற சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. காருக்கு பிரேக் ஏர் எடுக்கும்போது! கிடைத்த அந்த ஒரு சந்தர்ப்பத்தையும் நான் கோட்டை விட்ட கதை இது.

ஆரம்பம் கொல்லிமலையில்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி சமர்த்தாகத்தான் ஏறியது. அறப்பளீஸ்வரரைத் தரிசித்து, மிளகு, தேன், பலாப்பழம் என்று டிக்கியை நிரப்பிக்கொண்டு இறங்க ஆரம்பித்தோம். பின் சீட்டில் அம்மாவும் மகளும். பக்கத்தில் மனைவி.

இறக்கம்தானே, பெட்ரோலை ஏன் தண்டம் அழணும் என்று நியூட்ரலில் போட்டேன். (படிக்கிற டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நானும் பிற்பாடு அடித்துக்கொண்டேன்.) வளைவுக்கு வளைவு பிரேக், பிரேக், பிரேக்! பாதி மலை இறங்கியிருப்போம்.

"ஏங்க, ஏதோ தீயற வாசனை வருதே?"

"மலையிலே யாராவது சருகு கொளுத்துவாங்க. நீ வேடிக்கை பாரு."

அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

அந்த சில விநாடிகளை எழுத இப்போதும் கை நடுங்குகிறது. எப்படியோ இரண்டாம் கியரைத் திணித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒதுக்கி, மண் சரிவில் உரசி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் கேபிளில் இழுக்கிற சமாசாரம். ஆயிலை நம்பி இல்லாததால் பிழைத்தோம்.

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டாள்: "ஏண்டா நிறுத்திட்டே? இங்கே ஏதாவது கோயில் இருக்கா?"

"இன்னும் கட்டலேம்மா."

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் - ஆச்சரியம்! பெடல் பழையபடி கல்லு மாதிரி. முதல் கியரில், கல்யாண ஊர்வல வேகத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

* * *

எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் பாய். அம்பாசடர், ஃபியட் காலத்திலிருந்து நாற்பது வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"சார், இது பிரேக் ஆயிலா, டிகாஷனா?"

வண்டி 2019 மாடல். நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில். கம்பெனியில் ஊற்றிய ஆயில் மாற்றப்படாமலே இருந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டுமாம். ஏன்? பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம். தண்ணி போடும்! காற்றில் இருக்கிற ஈரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 'டாட் 4' என்று டப்பாவில் போட்டிருக்கிற ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் நான் மிதித்த மிதிக்கு பிரேக் டிஸ்க் அடுப்பாகி, ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது.

திரவத்தை அமுக்க முடியாது. ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனைக்கு அந்த அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி. ஆவியும் காற்றும் அப்படியில்லை, அமுங்கிக் கொடுக்கும். நம் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. சூடு ஆறினதும் ஆவி மறுபடி திரவமானது. பெடலும் திரும்பி வந்தது.

"ஏறின கியர்லேயே இறங்கணும் சார். லாரிக்காரனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே!" என்றார் பாய். போதாக்குறைக்கு, நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமும் இல்லையாம். கியரில் போட்டுக் காலை எடுத்தால், இந்தக் காலத்து இன்ஜின் இறக்கத்தில் பெட்ரோலையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் சும்மா நின்று குடிக்கும்.

"திங்கக்கிழமை கொண்டாங்க. ஆயில் மாத்தி ஏர் எடுத்துடலாம்."

இவ்வளவுதானே, நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. சனியன் அந்த ரூபத்தில்தான் வந்தது.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சக்கரத்துக்கு அடியில், கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனருடன். ஸ்டீயரிங் முன்னால் மனைவி. நிப்பிளில் மாட்டிய பிளாஸ்டிக் டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்.

"மிதி!" - மூன்று தரம் மிதிப்பாள். "பிடி!" - அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் நிப்பிளைத் திறப்பேன். கறுப்பு ஆயில் சீறும். பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு!" முன்னாலேயே விட்டால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டத்துச் சக்கரத்தில் முடிப்பது பாய் முறை. (வண்டிக்கு வண்டி வரிசை மாறும். கூட வந்த புத்தகத்தைப் பார்ப்பது உத்தமம்.)

இரண்டு சக்கரம் அமர்க்களமாக முடிந்தது. மூன்றாவதில் மனைவி கேட்டாள்: "ஏங்க, டப்பாவிலே ஆயில் இருக்கா?"

"நீ மிதிக்கிற வேலையை மட்டும் பாரு!"

பாட்டிலில் 'குபுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் குபுகுபுகுபு! ஓடிப்போய்ப் பார்த்தேன். டப்பா காலி. பதறி ஊற்றியதில் பாதி ஃபெண்டரில். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இப்போது அங்கே இலங்கை மேப் மாதிரி ஒரு தழும்பு.

மறுபடி நாலு சக்கரமும் எடுத்தாயிற்று. பெடல் இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது.

* * *

பாயை அழைத்து வந்தேன். மூன்று சுற்று எடுத்தார். ஒரு லிட்டர் ஆயில் காலி. பெடல் இட்லியிலிருந்து தோசைக்கு முன்னேறியது. அதற்கு மேல் அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது ஏ.பி.எஸ். வண்டி. டப்பாவைக் காய விட்டீங்களே, காத்து அந்தப் பெட்டிக்குள்ளே பூந்துடுச்சு."

ஏ.பி.எஸ். என்பது பிரேக்குக்கு ஒரு மூளை. 1978-இல் போஷ் கம்பெனி தயாரித்து மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் கட்டாயம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்கப் போகிறது என்று தெரிந்தால், அந்தப் பெட்டியிலுள்ள வால்வுகள் அழுத்தத்தைத் தளர்த்தி, மறுபடி கொடுத்து, விநாடிக்குப் பல தடவை விளையாடும். காலுக்கடியில் பெடல் தடதடக்கும். பயந்து காலை எடுக்கக் கூடாது. மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பித் தப்பலாம், அதற்காகத்தான் அது.

சிக்கல் இதுதான். சாதாரணமாக மிதிக்கும்போது பெட்டியிலுள்ள சில வால்வுகள் மூடியே இருக்கும். அதன் பின்னாலுள்ள சந்து பொந்துகளில் காற்று ஒளிந்துகொண்டால், ஆயிரம் தரம் 'மிதி - பிடி - விடு' சொன்னாலும் வராது. என்றைக்கோ ஒரு மழை நாளில் அவசரமாக மிதிக்கும்போது வால்வு திறந்து, அந்தக் காற்று பெடலுக்கு வந்து சேரும்.

"கம்ப்யூட்டர் ஸ்கேனர் போட்டு மோட்டாரை ஓட விட்டு எடுக்கணும் சார். அது என்கிட்டே இல்லே. எனக்கு வராது."

நாற்பது வருஷ மெக்கானிக் வாயிலிருந்து 'எனக்கு வராது'! நான் அல்பத்தனமாக இழுத்தேன்: "ஓரளவு பிடிக்குதே பாய். ஊருக்குள்ளே மட்டும் ஓட்டிக்கறேன். நாளைக்குப் பொண்ணை ஸ்கூல்லே விடணும்..."

பாய் பதில் பேசவில்லை. சாவியை உருவினார். நேரே என் மனைவியிடம் போனார்.

"பிடிங்க தங்கச்சி. நான் சொல்ற வரைக்கும் சார்கிட்டே குடுக்காதீங்க."

கூலி கொடுத்தேன். "வேலை முடியலியே" என்று வாங்க மறுத்துவிட்டார்.

* * *

வண்டி ரெக்கவரி வேன் மேல் ஏறி ஒர்க்ஷாப்புக்குப் போனது. பாயையும் கெஞ்சி அழைத்துப் போனேன். மீசை முளைக்கிற வயசுப் பையன், ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி, ஸ்கேனரில் எதையோ தட்டினான். பாயின் கை ஸ்பேனரைப் பார்த்ததும், "அய்யா, நிப்பிளை நீங்களே திறங்க. நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கறேன்" என்றான். எனக்குக் கிடைத்தது மிதிக்கிற உத்தியோகம்.

'டொர்ர்ர்' என்று பெட்டிக்குள் மோட்டார் உறுமியது. 'டக்டக்டக்' என்று வால்வுகள். பெடல் காலை உதைத்தது. பாய் பிடித்திருந்த டியூபில் பொடிப்பொடியாகக் குமிழி... அப்புறம் ஒரு பெரிய குமிழி... அப்புறம் தேன் நிறத்தில் சுத்தமான ஆயில். வழக்கப்படி நாலு சக்கரமும் மறுபடி எடுத்து முடித்ததும் பாய் உள்ளே உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. பையன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

திரும்பும்போது அவர் சொன்னவை: டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டால், பல வண்டிகளில் வெறும் ஆயில் மாற்ற ஸ்கேனர் வேண்டாம். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாமல் அடியில் ஒரு கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிழியாது. மூடி திறந்து கிடந்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். பெடல் மெத்தென்று இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எல்லாம் சரி. மறுநாள் காலை மனைவியிடம் சாவியைக் கேட்டேன். முந்தானையில் முடிந்திருந்ததை எடுக்கவே இல்லை.

"பாய் அண்ணன் 'பிடி'ன்னாரு, பிடிச்சேன். 'விடு'ன்னு இன்னும் சொல்லலியே!"