பழி யாரைச் சேர்வது?

தேவிகாபுரத்தில் ஒரு நெசவாளியின் தறியில் ஏறியிருக்கும் பட்டை இரவில் எவனேனும் அறுத்துக்கொண்டு போனால், 'இத்தனை பளபளப்பாக ஏன் நெய்தாய்?' என்று நெசவாளியைக் கேட்பாரில்லை. ஒரு ஸ்திரீ பலாத்காரத்துக்கு உள்ளானால் மட்டும், அந்நேரத்தில் அவள் ஏன் வெளியே போனாள், உடன் இருந்தவன் யார், உடுத்திய உடை எப்படிப்பட்டது என்ற கேள்விகள் முந்திக்கொண்டு வருகின்றன. பெயரிலேயே தேவியை வைத்துப் பெரியநாயகி அம்மனை வணங்கும் ஊரிலும் இதே பேச்சுத்தான் என்றால், வேறு ஊர்களைச் சொல்வானேன்?

2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி இக்கொடுமைக்கு ஆளானார். அஞ்சாமல் போலீஸில் புகாரும் கொடுத்தார். அந்தத் துணிவுக்குக் கிடைத்த மரியாதை என்ன? அவர் இன்னாரென்று காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதன் வாசகமோ, பாதகனை விட்டுவிட்டு மாணவியையே குறை கூறுவதுபோல் அமைந்திருந்தது. சென்னை ஹைக்கோர்ட் நீதிபதிகள் டிசம்பர் 28-ந் தேதி அதை வன்மையாகக் கண்டித்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்குமாறு சர்க்காருக்கு உத்தரவிட்டார்கள். 2025 ஜூன் 2-ந் தேதி குற்றவாளிக்கு 30 வருஷம் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் வழக்கு முடிந்தது திருப்தியே. ஆனால் கசிந்த காகிதத்தை எந்தத் தீர்ப்பு திரும்பப் பெறும்?

நிற்க. இந்த மனப்பான்மை அறிக்கை எழுதிய போலீஸாரோடு பிறந்ததன்று. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே, கற்பழிப்பு வழக்கில் புகார் செய்த பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் வாக்குமூலத்தை உடைக்க எதிரிக்கு இடங்கொடுத்தது. அந்தப் பிரிவை எடுத்தெறிய 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. நூற்றுமுப்பது வருஷம்! அதைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்து கீர்த்தி பெற்ற கனவான்கள் நம் வக்கீல் தொழிலில் எத்தனை பேரோ!

மஹாராஷ்டிரத்தில் 1972-ல் ஓர் ஆதிவாசிப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு போலீஸாரை, 1978-ல் சுப்ரீம் கோர்ட்டே விடுதலை செய்தது. அவள் உடலில் காயமில்லை, கூக்குரலிடவில்லை என்பன காரணங்களுள் சில. சட்ட ஆசிரியர்கள் நால்வர் 1979-ல் பகிரங்கக் கடிதம் எழுதினர். மாதர் கிளர்ச்சி மூண்டது. அதன் பயனாகவே, காவலில் நடந்த பலாத்காரத்தில் பெண் 'சம்மதிக்கவில்லை' என்றால் கோர்ட் அதையே உண்மையென அனுமானிக்க வேண்டும் என்ற விதி 1983-ல் பிறந்தது.

நமக்கு அடுத்த ஜில்லாவாகிய தர்மபுரியில், வாச்சாத்தி கிராமத்தை 1992 ஜூன் 20-ந் தேதி சூழ்ந்த சர்க்கார் சிப்பந்திகள் பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தார்கள். சந்தனக்கட்டை திருடும் ஊர் என்று ஊர்மீதே பழி போடப்பட்டது. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பாயிற்று. ஹைக்கோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது 2023-ல். அதற்குள் 31 வருஷம் கடந்துவிட்டது.

சட்டம் இன்று திருந்தியிருக்கிறது. சம்மதத்தை நிரூபிக்கப் பெண்ணின் முன்நடத்தையைக் கிளறலாகாதென 2013 முதல் தடை உண்டு. பாக்கியிருப்பவர்கள் மனிதர்கள். இருட்டிய பின் ஆரணி பஸ்ஸிலிருந்து இறங்கும் நெசவாளிப் பெண் ஒருத்தி நாளை புகாருடன் போலீஸ் ஸ்டேஷன் படியேறினால், முதற்கேள்வி குற்றவாளியின் அடையாளத்தைப் பற்றியதா, அவளுடைய நடத்தையைப் பற்றியதா? பேனா பிடிக்கும் போலீஸாருக்கு என்ன உத்தரவு கொடுத்திருக்கிறார்கள் என்பதை மேலதிகாரிகள் பகிரங்கமாகச் சொல்லட்டும்.