செத்துப்போன மதர்போர்டை என்ன செய்வது?

சென்ற மாதம் என் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு உயிரை விட்டது. பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். "இதை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "எரிச்சா செம்பு கிடைக்கும் சார்" என்றார் கடைக்காரர். கொடுக்க மனம் வராமல் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் கேபினட்டிற்குள் சிப்களைத் தாங்கும் அந்தப் பச்சைப் பலகை, கண்ணாடி இழைத் துணியில் எபாக்சி பிசினை ஊற வைத்து, சூட்டில் இறுக வைத்துச் செய்தது. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வாளி செய்யலாம். எபாக்சியிடம் அது நடக்காது. அதன் மூலக்கூறு சங்கிலிகள் வலை போல நிரந்தரமாகப் பிணைந்திருக்கும். வெந்த இட்லி மறுபடி மாவாகுமா? சூடேற்றினால் கருகி, நச்சுப் புகைதான் வரும். 2022-ல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

வலையின் முடிச்சுகள் அவிழ்ந்து சேருமாறு செய்தால்? 2002-ல் அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு பாலிமரில், 120 டிகிரி செல்சியசுக்கு மேல் சுமார் 30 சதவீத முடிச்சுகள் அவிழ்ந்தன. ஆறியதும் மீண்டும் சேர்ந்தன. விரிசல்கூட ஒட்டிக்கொண்டது. 2011-ல் பாரிசில் லுட்விக் லீப்லர் குழு செய்தது இன்னும் சுவையானது. ஓடும் பஸ்சில் முன்னால் நகர்பவர், அடுத்த கம்பியைப் பிடித்த பிறகுதானே முந்தைய கம்பியை விடுவார்? இந்தச் சங்கிலிகளும் அப்படித்தான். சூட்டில் பிணைப்புகள் இடம் மாறும், ஆனால் எண்ணிக்கை குறையாது. அதனால் வலை அறுந்து தண்ணீராக ஓடாமல், கண்ணாடியைப் போல மெல்ல இளகி வளைந்து கொடுக்கும். இதற்கு விட்ரிமர் என்று பெயர்.

2024-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் எபாக்சிக்குப் பதில் விட்ரிமரில் சர்க்யூட் போர்டு செய்து காட்டினார்கள். ஒரு கரைப்பானில் போட்டால் போர்டு ஜெல்லி போல உப்புகிறது. சிப்களைச் சேதமின்றி எடுத்துவிடலாம். கண்ணாடி இழை முழுவதும், விட்ரிமரில் 98 சதவீதமும் திரும்பக் கிடைத்தன. கரைப்பானிலும் 91 சதவீதத்தை மீட்டுவிட்டார்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரைப்பானே புதிய கழிவானால் என்ன லாபம்?

ஆனால் இது ஆய்வுக்கூடத்துச் சாதனை. உங்கள் மேஜையில் இருப்பது பழைய எபாக்சிதான். அது பழுதானால், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். கம்ப்யூட்டரை முழுதாகக் கொடுப்பதானால், முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.