இட்லிப் பானையில் புளி எதற்கு?

இட்லி அவிக்க அலுமினியப் பானையில் தண்ணீர் ஊற்றும்போது கூடவே ஒரு துண்டு புளியையோ, பிழிந்த எலுமிச்சைத் தோலையோ போடுவது நம் வீடுகளில் பழகிய கைவழக்கம். பானையின் உட்புறம் கறுக்காமல் இருக்கத்தான் அது.

அலுமினியம் சாதுவான உலோகமல்ல. வினைபுரிவதில் துத்தநாகத்தையும் இரும்பையும் முந்துவது. மேலே எந்த மூடலும் இல்லாத அலுமினியம் வெறும் தண்ணீரிலேயே ஹைட்ரஜனை வெளியேற்றும். பிறகு எப்படி அதில் சோறு வடிக்கிறோம்? காற்றுப் பட்டதுமே அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. தடிமன் 2 முதல் 4 நானோமீட்டர்தான். கீறினால் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். நாம் தேய்ப்பதும் கழுவுவதும் இந்தப் படலத்தைத்தான்.

போர்த் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அதில் காரத்தன்மை ஏறும். படலம் நீரோடு சேர்ந்து தடிக்கும்; உலோகத்தில் கலந்திருக்கும் இரும்பு முதலியவற்றால் கறுப்பாகத் தெரியும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தக் காரத்தை முறித்துவிடுகிறது. அதற்காகப் புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் இரவெல்லாம் வைக்கக் கூடாது. புளிப்பு மிஞ்சினால் படலமே கரையத் தொடங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் உலோகமும் பொங்கிக் கரைந்துவிடும். ஆனால் அடர் நைட்ரிக் அமிலம் படலத்தை இன்னும் உறுதியாக்குவதால், அதை அலுமினியத் தொட்டிகளிலேயே எடுத்துச்செல்கிறார்கள். வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த முரண் இது.

அமிலத்தைவிடக் காரத்துக்குத்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும். இரும்பைக் காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அலுமினியமோ கரையும். படலம் முதலில் போகும், அடுத்து உலோகம். ஹைட்ரஜன் குமிழிடும், கரைசல் சூடேறும். ஒரு கிராம் அலுமினியம் கரைந்தால் சுமார் 1.3 லிட்டர் ஹைட்ரஜன் வரும். இந்தக் குணத்தை வைத்துத்தான் வேதியியலாளர் கார்ல் பேயர் 1888இல் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைச் சுத்திகரிக்கும் முறையைக் கண்டார்: சூடான காஸ்டிக் சோடாவில் அலுமினியச் சேர்மம் கரைந்துவிடும், இரும்பு ஆக்சைடு செஞ்சேறாகத் தங்கிவிடும். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட் மேட்டூரில் அப்படித்தான் பிரிக்கப்பட்டது.

2012 அக்டோபரில் டோக்கியோவின் சுரங்க ரயில் ஒன்றில், பயணி ஒருவர் வைத்திருந்த அலுமினியக் காப்பி டப்பா வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். அதில் அவர் ஊற்றி மூடியிருந்தது, கடுங்காரம் கலந்த துப்புரவுத் திரவம். திருகு மூடிக்குள் சேர்ந்த ஹைட்ரஜனுக்கு வெளியேற வழியில்லை. ஆகவே, குழாய் அடைப்பு நீக்கும் காரத் திரவம் மிச்சமானால் அது வந்த பிளாஸ்டிக் புட்டியிலேயே இருக்கட்டும்.